இளம் மருத்துவர்கள் ஏன் உதவி கேட்பதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மருத்துவ மாணவர்களின் மனநலத்தை ஆராயத் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழுவின் அறிக்கை 2024ஆம் ஆண்டு வெளிவந்தபோது, முதுநிலை மாணவர்களில் 31.2 விழுக்காட்டினர் தமக்குத் தற்கொலை எண்ணம் எழுந்ததாகச் சொன்ன செய்திதான் எல்லாருடைய கண்ணிலும் பட்டது. அதே அறிக்கையில் அதனருகே வைத்துப் படிக்க வேண்டிய வேறு எண்களும் உண்டு. இளநிலை மாணவர்கள் 25,590 பேரும் முதுநிலை மாணவர்கள் 5,337 பேரும் இணையவழியில் விடையளித்த அந்தக் கணக்கெடுப்பில், மனநலப் பாதிப்பு இருப்பதாக ஏற்கெனவே கண்டறியப்பட்டதாகத் தெரிவித்தவர்கள் இளநிலையில் 27.8 விழுக்காடு, முதுநிலையில் 15.3 விழுக்காடு. தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்களோ இளநிலையில் 16.2 விழுக்காடு, முதுநிலையில் 31.2 விழுக்காடு. படிப்பில் ஒரு படி மேலே ஏறியதும் சாக வேண்டும் என்ற எண்ணம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. நோயென்று கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை மட்டும் பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

விருப்பமுள்ளவர்கள் மட்டும் விடையளித்த கணக்கெடுப்பு என்பதால் இந்த விழுக்காடுகளை நாட்டிலுள்ள எல்லா மாணவர்களுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது என்பதை அறிவேன். என்றாலும், நோயைக் கண்டறிவதையே தொழிலாகக் கொண்டவர்கள் தமக்கு நோய் வரும்போது அதைக் கண்டறிய விடாமல் மறைத்துக்கொள்கிறார்கள் என்றே இதற்கு நான் பொருள் கொள்கிறேன். தென் மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எனக்கு இதில் வியப்பில்லை. அவர்கள் ஏன் உதவி கேட்பதில்லை என்பதை வார்டில் உடன் நின்றவர்கள் அறிவார்கள். ஆலோசனை மையங்கள் திறக்கப்படும்போது ரிப்பன் வெட்டுகிறவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சி மருத்துவர் என்று அரசாணைகளிலும் ஹவுஸ் சர்ஜன் என்று மருத்துவமனைகளிலும் அழைக்கப்படும் இளைஞரும், முதுநிலை மாணவரும், தம் மருத்துவக் குழுவான யூனிட் புதிய நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளன்று காலையில் வார்டுக்குள் நுழைந்தால், அன்று பகல், அன்றிரவு, மறுநாள் காலை ரவுண்ட்ஸ், அதன்பின் எஞ்சிய வேலை என்று மறுநாள் மாலைதான் பல நேரங்களில் வெளியேறுவார்கள். இந்த முப்பதுக்கும் மேற்பட்ட மணி நேரத்தில் அவர்கள் பார்ப்பது முழுவதும் மருத்துவம் அன்று. இரத்த மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோவது, இரத்த வங்கியில் காத்திருந்து பை வாங்கி வருவது, பணியாளர் இல்லாத இரவில் ஸ்ட்ரெச்சரைத் தாமே தள்ளுவது, காப்பீட்டுத் திட்டத்தின் முன் அனுமதிக்குக் காகிதங்களைப் படமெடுத்து ஏற்றுவது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது என்று அதில் கணிசமான பகுதி கழிகிறது. இரவு பதினொரு மணிக்கு மேல் வளாகத்தில் உண்ண எதுவும் கிடைக்காத மருத்துவமனைகள் உண்டு. “சிஸ்டர், பத்து நிமிஷம் கண்ணசந்துக்கிறேன், எழுப்பி விட்ருங்க” என்று சொல்லிவிட்டு நாற்காலியிலேயே தலை சாய்க்கும் பிள்ளைகளை எழுப்புவதும் இரவுப் பணிச் செவிலியரின் வேலைகளில் ஒன்றாகவே இருந்தது.

செவிலியர்களுக்குக் காலை, மதியம், இரவு என்று முறைப்பணி உண்டு. முறை மாறும்போது படுக்கை படுக்கையாக நின்று நோயாளியை ஒப்படைக்கும் வழக்கமும் அதற்கென ஒரு பதிவேடும் உண்டு. எங்களுக்கும் குறைகள் ஏராளம். அவை தனிக் கடிதத்துக்கு உரியவை. ஆனால் ஒப்படைத்துவிட்டால் அன்றைய பொறுப்பு முடிந்தது என்ற நிம்மதி எங்களுக்கு இருந்தது. இளம் மருத்துவருக்கு அப்படி ஒரு முடிவு நேரம் இல்லை. “உன் நோயாளி” என்று சொல்லப்பட்டவர் வீடு போகும்வரை அவருடைய சோடியம் அளவும் சிறுநீர் அளவும் கைப்பேசியில் மருத்துவரைத் துரத்திக்கொண்டேயிருக்கும். உறங்கப் போனவரை விடுதியிலிருந்து வரவழைப்பது ஒழுங்குமுறையாகவும், வர மறுப்பது அக்கறையின்மையாகவும் கருதப்படுகிறது. மன உளைச்சல் என்று நாம் பொதுவாகச் சொல்லிக் கடந்துபோகும் ஒன்றின் பெரும்பகுதி இந்த முடிவற்ற பணியிலிருந்துதான் பிறக்கிறது என்பது என் துணிபு.

உறக்கமின்மையைத் தியாகமாகப் போற்றும் மூத்தவர்கள் சிலர், “நாங்களும் இப்படித்தான் படித்து வந்தோம்” என்பார்கள். அவர்களுக்கு ஓர் ஆய்வை நினைவூட்டலாம். தொடர்ந்து 24 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.10 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டிலேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு வைத்திருக்கும் வரம்பு 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 விழுக்காடு. சாலையில் வண்டி ஓட்டத் தகுதியற்றவர் என்று சட்டம் கருதக்கூடிய அளவுக்குத் தளர்ந்துபோன ஒருவரிடம், பச்சிளம் குழந்தையின் கையில் நரம்பு தேடி ஊசி போடச் சொல்கிறோம். தவறு நேர்ந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் அவருக்கே போகிறது.

விதிகள் இல்லாமல் இல்லை. முதுநிலை மாணவர்களையும் உள்ளடக்கிய உறைவிட மருத்துவர்களின் தொடர்பணி ஒரு வேளைக்கு 12 மணி நேரத்தை மிகக்கூடாது, சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரமே பணி, சுழற்சி முறையில் வார விடுப்பு என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992ஆம் ஆண்டிலேயே வரையறுத்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறை, மணிக்கணக்கைக் கைவிட்டு, ‘நியாயமான பணிநேரம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, வாரத்தில் ஒரு நாள் விடுப்பையும் ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பையும் உறுதியளித்தது. எது நியாயம் என்பதை யூனிட் தலைவர்தான் முடிவு செய்வார் என்றால் அந்தச் சொல்லால் யாருக்கு என்ன பயன்? 2024ஆம் ஆண்டின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரம் என்ற உச்சவரம்பையும், நாளொன்றுக்கு 7 முதல் 8 மணி நேர உறக்கத்தையும் பரிந்துரைத்தது. 1992இல் 48 ஆக இருந்தது 2024இல் 74 ஆகியும், அதையும் கடைப்பிடிக்க முடியாது என்று சொல்லும் துறைகள் உள்ளன. பதிவேட்டில் மட்டும் வார விடுப்பு தவறாமல் எழுதப்பட்டிருக்கும்.

இனி, உதவி கேட்காத காரணத்துக்கு வருகிறேன். தமிழக அரசு 2022 டிசம்பரில் ‘மனம்’ என்ற பெயரில் மருத்துவக் கல்லூரிகளில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. நல்ல நோக்கம்; அந்தப் பெயரும் நன்றாகவே அமைந்தது. முதலாண்டு மாணவருக்கும் வீட்டை விட்டு முதன்முறையாக விடுதிக்கு வந்தவருக்கும் அவை துணையாக இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. முதுநிலை மாணவரின் நிலை வேறு. அவருடைய கல்லூரியின் மனநலத் துறைப் பேராசிரியர், அவருடைய துறைத் தலைவரோடு ஒரே மேசையில் தேநீர் அருந்துகிறவர். கல்லூரிக் குழுக் கூட்டங்களில் அருகருகே அமர்கிறவர். ஓ.பி. சீட்டு பதியும் இடத்தில் இருப்பவருக்கு இவரை முகம் தெரியும். மருந்து வழங்கும் சாளரத்தில் இருப்பவருக்குப் பெயரும் தெரியும். இவருடைய பயிற்சிப் பதிவேடான லாக் புக்கில் கையெழுத்திடுகிறவர், ஆய்வேட்டுக்கு வழிகாட்டுகிறவர், மூன்றாம் ஆண்டின் இறுதியில் தேர்வறையில் அகத்தேர்வாளராக அமரக்கூடியவர் எல்லாரும் அதே வளாகத்தில் இருக்கிறார்கள். இத்தனை கண்களுக்கு நடுவே மனநலப் பிரிவின் வாசலில் ஒரு மருத்துவர் நோயாளியாக நிற்பார் என்று எதிர்பார்ப்பது பேதைமை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் இரகசியத்தை ஓர் உரிமையாகவே அறிவித்திருக்கிறது. ஆனால் வராந்தாவில் காத்திருப்பவரை யார் யார் பார்த்தார்கள் என்பதைச் சட்டத்தால் மறைக்க இயலுமா?

இங்கிலாந்தில் 2008ஆம் ஆண்டு மருத்துவர்களுக்கென்றே ஒரு தனி மனநலச் சேவை தொடங்கப்பட்டது. முதலில் லண்டன் பகுதிக்கு மட்டும் இருந்த அது பின்னர் இங்கிலாந்து முழுமைக்கும் விரிந்தது. வேலை செய்யும் மருத்துவமனையின் பரிந்துரையோ அனுமதியோ இல்லாமல் மருத்துவர் தாமாகவே அங்கே பதிவு செய்துகொள்ளலாம் என்பதுதான் அதன் உயிர்நாடி. நம்மிடம் அதற்கான கட்டமைப்பு இல்லை என்று சொல்வதற்கில்லை. தமிழகத்தில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரி இருக்கும் ஆசாரிப்பள்ளமும் தொலைவில் இல்லை. திருநெல்வேலி மாணவரைத் தூத்துக்குடியிலும், தூத்துக்குடி மாணவரை ஆசாரிப்பள்ளத்திலும், ஆசாரிப்பள்ளத்தில் படிப்பவரைத் திருநெல்வேலியிலும் பார்ப்பது என்று மருத்துவக் கல்வி இயக்ககம் ஓர் ஏற்பாட்டைச் செய்தால், புதிய பணியிடம் ஒன்றுகூட உருவாக்க வேண்டியிருக்காது. பெரும்பாலான சந்திப்புகளைக் காணொளியிலேயே நடத்தலாம். ஓ.பி. சீட்டுக்குப் பதிலாக ஓர் எண் போதும். அந்த எண்ணுக்குரியவர் யார் என்பது சிகிச்சையளிப்பவரைத் தவிர வேறு எவருக்கும், குறிப்பாக அவர் படிக்கும் கல்லூரியின் டீனுக்கும் துறைத் தலைவருக்கும், தெரியக்கூடாது. சந்திப்பு நேரம் காலை பத்து முதல் மாலை நான்கு என்று இருந்தால் ஒருவரும் வரமாட்டார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்; அந்த நேரத்தில் அவர்கள் வார்டில் இருப்பார்கள்.

14416 என்ற, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 2022 அக்டோபர் முதல் இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். நெருக்கடியான இரவொன்றில் அந்த எண் ஓர் உயிரைக் காக்கக்கூடும் என்பதால் ஒவ்வொரு டியூட்டி அறையின் சுவரிலும் அதை எழுதி வைக்க வேண்டும். ஆனால் தொலைபேசி எண்ணைச் சுவரில் ஒட்டியதோடு நிர்வாகத்தின் கடமை முடிந்ததாகக் கணக்கு எழுதிவிடக்கூடாது.

எல்லாத் துறைகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதால் மகப்பேறுத் துறையைப் பற்றித் தனியே ஒரு சொல். ஒரு தாய் இறந்தால் அந்த மரணம் ஏன் நேர்ந்தது என்பதைத் தணிக்கை செய்யும் முறை தமிழகத்தில் நீண்டகாலமாக உள்ளது. தாய் இறப்பு விகிதம் இங்கே குறைந்ததற்கு அந்த முறையும் ஒரு காரணம் என்பதை ஒருவரும் மறுக்க முடியாது. அதைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது நடக்கும் விதத்தைப் பற்றித்தான் என் கவலை. முந்தைய நாள் தன் கண்ணெதிரே ஒரு பெண்ணை இழந்த, அவளுடைய கணவனிடமும் தாயிடமும் அந்தச் செய்தியைச் சொல்ல அனுப்பப்பட்ட, இருபத்தாறு வயது மாணவி, மறுநாள் கேஸ் ஷீட்டை ஏந்திக்கொண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல நிறுத்தப்படுகிறாள். இரத்தம் எத்தனை மணிக்குக் கேட்டாய், எத்தனை மணிக்கு வந்தது, மூத்தவரை எப்போது அழைத்தாய் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அதற்கு முன்னால், “நேற்றிரவு உறங்கினாயா, சாப்பிட்டாயா, யாரிடமாவது பேசினாயா” என்று கேட்க அந்த அமைப்பில் ஒருவரும் நியமிக்கப்படவில்லை. நான் பணிபுரிந்த ஒரு மருத்துவமனையில் அப்படி நின்ற மாணவி ஒருத்தி அதன்பின் வாரக்கணக்கில் மகப்பேறு அறைக்குள் நுழையும்போதெல்லாம் கை நடுங்குவதை நாங்கள் பார்த்தோம். அவளை வேறு பிரிவுக்குச் சிறிது காலம் மாற்றலாமே என்று கேட்டபோது, பட்டியலில் ஆள் இல்லை என்பதே விடையாக வந்தது.

வார்டில் ஒரு மரணம் நேர்ந்தபின், குறிப்பாகக் குழந்தையோ தாயோ இறந்தபின், பொறுப்பிலிருந்த மூத்த மருத்துவர் தம் யூனிட்டின் இளையவர்களோடும் செவிலியர்களோடும் கால் மணி நேரம் உட்கார்ந்து நடந்ததைப் பேசுவது ஒரு கடமையாக்கப்பட வேண்டும். அந்தப் பேச்சு எந்தக் கோப்பிலும் பதியப்படக்கூடாது. உறவினர்களிடம் இறப்புச் செய்தியைச் சொல்லும் வேலையைப் பயிற்சி மருத்துவரிடம் தள்ளிவிடும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். அது மூத்தவரின் வேலை. வார்டுகளில் நடக்கும் கைகலப்புகள் பல இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. 2008ஆம் ஆண்டே மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்காகத் தமிழகம் தனிச் சட்டம் இயற்றியது. ஆனாலும் 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் பணியிலிருந்த மருத்துவர் கத்தியால் குத்தப்பட்ட பிறகுதான் பல மருத்துவமனைகளில் நுழைவாயில் கட்டுப்பாடு நினைவுக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஆகஸ்ட் 9 அன்று, கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொலை செய்யப்பட்ட முதுநிலை மாணவி நீண்ட பணிக்கிடையே ஓய்வெடுக்கச் சென்ற இடம் கருத்தரங்கக் கூடம் என்பதை மறந்துவிடக்கூடாது. பெண் மருத்துவர்களுக்குத் தாழ்ப்பாளுள்ள, கழிப்பறையோடு கூடிய தனி ஓய்வறை ஒவ்வொரு தளத்திலும் இருப்பது மனநலப் பராமரிப்பில் சேராது என்று யாராவது சொன்னால், அவர் இரவுப் பணி பார்த்ததில்லை என்று பொருள்.

விலக நினைப்பவரின் வழியும் அடைபட்டிருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தேசிய மருத்துவ ஆணையம் அளித்த விவரப்படி, ஐந்தாண்டுகளில் 122 மருத்துவ மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் 64 பேர் இளநிலை, 58 பேர் முதுநிலை. அதே காலத்தில் படிப்பை இடையில் விட்டவர்கள் 1,270 பேர். அவர்களில் 1,117 பேர் முதுநிலை மாணவர்கள். கிடைத்த படிப்பு இடத்தைக் கைவிட்டால் இலட்சக்கணக்கில் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் பல மாநிலங்களில் உள்ளது. அந்தத் தொகையை நீக்கிவிட்டு, விலகியவர் ஓராண்டு அம்மாநிலத்தில் சேர முடியாது என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஆணையமே 2024 ஜனவரியில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. உடல் நலம் கெட்டு விலகுகிறவரிடம் அபராதம் கேட்பது நியாயமாகாது; மனம் நலிந்து விலகுகிறவருக்கும் அதே நியாயம் பொருந்த வேண்டும். விலகாமலே, மதிப்பெண்ணும் பணிமூப்பும் பாதிக்கப்படாமல் மூன்று மாதம் சிகிச்சை விடுப்பில் சென்று திரும்ப ஒரு வழி இருந்தால், அந்த 1,117 பேரில் பலர் இன்று மருத்துவ நிபுணர்களாக இருந்திருக்கக்கூடும்.

பணத்தையும் ஆளையும் பற்றிய கேள்வி எழும் என்பது தெரியும். பணி நேரத்தைக் குறைத்தால் வார்டை யார் பார்ப்பது என்பார்கள். இந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது பழைய கல்லூரிகளிலிருந்து ஆசிரியர்கள் இடம் மாற்றப்பட்டதை அருகிலிருந்து அறிந்தவள் நான். ஆயினும் இரத்த மாதிரி சுமப்பதற்கும் காப்பீட்டுப் படிவம் ஏற்றுவதற்கும் மருத்துவர் தேவையில்லை. அவ்வேலைகளுக்கு வார்டுக்கு இருவர் வீதம் பணியாளரும் தட்டச்சரும் நியமிக்கப்பட்டால், ஒவ்வோர் இளம் மருத்துவருக்கும் நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரமாவது மிஞ்சும் என்பது என் மதிப்பீடு. இதைவிட மலிவான மனநலத் திட்டம் ஒன்று எனக்குத் தெரியவில்லை.

இதழ்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவர் ஒருவர் தற்கொலை செய்துகொண்ட செய்தியில் அவர் கையாண்ட முறையை விவரிப்பது இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019ஆம் ஆண்டு ஏற்ற நெறிமுறைகளுக்கு எதிரானது; காதல் தோல்வியா குடும்பத் தகராறா என்று அன்று மாலையே ஊகிப்பதும் தகாது. அதுபோலவே, விசாரணை தொடங்குமுன்பே ‘டாக்டர்களின் அலட்சியத்தால்’ என்று தலைப்பிடும்போது அந்த வார்டில் இருந்த மிக இளையவர்தான் அதை முதலில் படிக்கிறார். தங்கள் நாளிதழ் இவ்விரண்டிலும் பிறருக்கு முன்மாதிரியாக நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுகாதாரத் துறைக்கு என் கோரிக்கை, அடுத்த முதுநிலைச் சேர்க்கைக்கு முன் செய்யத்தக்கது. எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் ஒவ்வொரு துறையின் பணிப்பட்டியலும், யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு வெளியேறினார் என்ற விவரத்தோடு, மாதந்தோறும் இணையத்தில் வெளியிடப்பட வேண்டும். முகமறி வருகைப்பதிவு ஏற்கெனவே இருக்கிறது. அதன் தரவை ஊதியப் பிடித்தத்துக்கு மட்டும் பயன்படுத்துவதற்குப் பதிலாக, 74 மணி நேரத்தை மீறும் துறைகள் எவை என்று கண்டறியவும் பயன்படுத்தலாம். மீறும் துறையின் தலைவரிடம் விளக்கம் கேட்கும் அதிகாரம் அந்தக் கல்லூரியின் டீனிடம் இருக்கக்கூடாது. இயக்ககத்தில், அக்கல்லூரியோடு தொடர்பற்ற ஓர் அலுவலரிடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
பாளையங்கோட்டை.